வல்லத்தின் அடிப்பக்கம்: ஸ்டட் கீழ்நோக்கித் திரும்பும் இடத்தில் பிளவு விழுகிறது, எப்படி மூடுவது?

மண்டபம்கரை:

லெகோவில் ஒரு வல்லம் (மீன்பிடிப் படகு) கட்டுகிறேன். நீளம் 36 ஸ்டட் (பிரிக்கின் மேலுள்ள குமிழ்), அகலம் 8. தண்ணீரில் மிதப்பது மாதிரி இல்லை, கரையில் மணல்மேல் ஏற்றிச் சாய்த்து வைத்தது. அதனால் ஏரா (படகின் அடிமரம்) வரைக்கும் அடிப்பக்கம் முழுதும் வெளியே தெரியும்.

அடி வளைவுக்குத் தலைகீழ் வளைவுச் சரிவுகள் போதுமான அளவில் இல்லை. சாதாரண வளைவுகள் (லெகோ பாக எண் 11477, 15068, 93606) தாராளமாக இருக்கின்றன. எனவே மேல்பாதியை வழக்கம்போல் ஸ்டட் மேல்நோக்கியும், கீழ்ப்பாதியைத் தனியாகக் கட்டிக் கவிழ்த்து ஸ்டட் கீழ்நோக்கியும் வைத்து இரண்டையும் இணைக்கப் பார்க்கிறேன்.

செய்தது இதுதான்: பக்கவாட்டில் ஒரு ஸ்டட் உள்ள 1×1 பிரிக் (87087) ஒன்றை நிமிர்த்தி, அதன் பக்கத்திலேயே இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து, இரண்டின் பக்க ஸ்டட்டிலும் ஒரு 1×2 பிளேட்டை (பிரிக் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள தட்டைத் துண்டு) அழுத்தினேன். பிளேட் நன்றாக உட்காருகிறது. ஆனால் கவிழ்த்த பிரிக் பக்கத்துப் பிரிக்கைவிட ஒன்றரை மில்லிமீட்டர் போல ஏறி நிற்கிறது. அதனால் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. மேல்பாதியைப் பிடித்துத் தூக்கினால் அணியத்துப் பக்கமிருந்து (படகின் முன்முனை) கீழ்ப்பாதி கழன்றுவிடுகிறது.

ஏன் ஏறி நிற்கிறது? பிளவில்லாமல் சேர்க்க வழி உண்டா? அணியம் 2 ஸ்டட் அகலத்துக்குக் குறுகுகிறது, அங்கே என்ன செய்வது?

கைவசம்: 87087 – 24, 11211 (பக்கவாட்டில் இரண்டு ஸ்டட் உள்ள 1×2 பிரிக்) – 12, ஹெட்லைட் பிரிக் 4070 – 20, பிராக்கெட் 44728 (L வடிவத் துண்டு) – 8, டெக்னிக் 1×2 துளை பிரிக் 3700 – 10. சாதாரண பிளேட்டுக்குக் குறைவில்லை. பிளேட்டுகளில் கொஞ்சம் வேறு கம்பெனியுடையது, கலந்து கிடக்கிறது.

---

கச்சான்காற்று:

தம்பி, நீங்கள் தப்பாகக் கட்டவில்லை. அந்தப் பிரிக்கின் அளவே அப்படித்தான்.

பக்க ஸ்டட் பிரிக்கின் நடுவில் இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். பிரிக் உயரம் 9.6 மிமீ, நடு என்றால் 4.8. ஆனால் ஸ்டட்டின் மையம் மேல்முகத்திலிருந்து 4.0 மிமீ கீழே, அடியிலிருந்து 5.6 மிமீ மேலே இருக்கிறது. ஒரு ஸ்டட்டின் அகலம் 8 மிமீ, அதில் பாதி 4. அந்தக் கணக்கில் வைத்ததால்தான் பக்கத்தில் மாட்டும் பிளேட்டின் விளிம்பு பிரிக்கின் மேல்முகத்தோடு சமமாக நிற்கிறது.

இப்போது ஒன்றைக் கவிழ்த்தால் 4.0 கீழே வரும், 5.6 மேலே போகும். இரண்டு ஸ்டட்டையும் ஒரே மட்டத்தில் பிளேட் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே உடம்பு 1.6 மிமீ நகர்ந்தே தீரும். 1.6 என்பது சரியாக அரைப் பிளேட் (பிளேட் 3.2). நீங்கள் பார்த்த கோடு இதுதான். கழன்று விழுவதற்கும் இதுவே காரணம். அரைப் பிளேட் தள்ளி நிற்கும் பிரிக்கின்மேல் முழுப் பிளேட் வரிசையை அழுத்திப் பொருத்தும்போது இணைப்பு பிளேட்டை அது வெளியே நெம்புகிறது. தூக்குவதற்கு முன்பே பாதி கழன்ற நிலையில்தான் இருந்திருக்கும்.

கணக்கை மில்லிமீட்டரில் போட்டால் தசமத்தில் சிக்கிக்கொள்வீர்கள். எல்டிரா (LDraw) என்ற லெகோ வரைகலை மென்பொருளின் அளவில் போடுங்கள், ஒரு அலகு 0.4 மிமீ: ஸ்டட் அகலம் 20, பிளேட் 8, பிரிக் 24. பக்க ஸ்டட் மேலிருந்து 10, கீழிருந்து 14. ஸ்டட்டைத் திருப்பும் எல்லா வேலையும் ஒரே சமன்பாட்டில் அடங்கும்: 5 பிளேட் = 2 ஸ்டட் (இரண்டும் 40).

பிளவுக்குத் தீர்வு 22885. அது 1×2 அளவு, ஒரு பிரிக்கும் இரண்டு பிளேட்டும் சேர்ந்த உயரம், அதாவது 5 பிளேட், பக்கத்தில் 4 ஸ்டட். உயரம் 40, ஸ்டட் வரிசைகள் மேலிருந்து 10-லும் 30-லும் இருக்கின்றன. கீழிருந்து எண்ணினாலும் அதே 10, 30. கவிழ்த்தாலும் நிமிர்த்தாலும் ஒன்றுதான், அரைப் பிளேட் பிரச்சினை எழாது. ஒன்றை நிமிர்த்தி, இன்னொன்றைக் கவிழ்த்து, அடியோடு அடி சேர்த்து வைத்து, பக்கத்தில் ஒரு 2×4 பிளேட்டை (3020) நெடுக்காக அழுத்துங்கள். எட்டு ஸ்டட்டும் பிடிக்கும், நடுவில் பிளவு சுழி.

36 நீளத்துக்கு ஒரு பக்கம் 3 இடம் என்றால் இரு பக்கமும் 6 இடம். 22885 பன்னிரண்டும் 3020 ஆறும் போதும்.

---

தொண்டிக்கரை:

கச்சான் அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் 22885 வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் 11211 பன்னிரண்டிலேயே வேலை முடிந்துவிடும்.

அண்ணன் கணக்கையே இன்னொரு படி நீட்டுங்கள். 5 பிளேட் = 2 ஸ்டட் என்றால் 10 பிளேட் = 4 ஸ்டட். நிமிர்ந்த பிரிக்கின் மேல்முகத்திலிருந்து கவிழ்ந்த பிரிக்கின் கீழ்முகம் வரை மொத்தம் 10 பிளேட் இருந்தால் போதும். இரண்டு பிரிக் 6 பிளேட் ஆயிற்று, நடுவே இன்னும் 4 பிளேட் வேண்டும். சரிபாருங்கள்: மேல் பிரிக்கின் பக்க ஸ்டட்டிலிருந்து அதன் அடிவரை 14, நாலு பிளேட் 32, கீழ்ப் பிரிக்கின் அடியிலிருந்து அதன் ஸ்டட் வரை 14. கூட்டினால் 60, சரியாக 3 ஸ்டட் தூரம். 1×4 பிளேட்டின் முதல் ஓட்டைக்கும் கடைசி ஓட்டைக்கும் உள்ள தூரமும் 3 ஸ்டட்தான்.

பிரிக்குகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததால்தான் உங்களுக்கு இடித்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவில் 4 பிளேட் விட்டு வையுங்கள்.

கட்டும் முறை:

கீழ்ப்பாதியை மேசையில் ஸ்டட் மேல்நோக்கியே கட்டுங்கள், பிறகு கவிழ்க்கலாம். இதில் வரிசை தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது. முதலில் போடுவது இரண்டு படலம் பிளேட், அதுதான் பின்னால் நடுக்கோட்டில் (இரு பாதியும் சேரும் கோடு) வரும். அதன்மேல் ஒரு பிரிக் வரிசை, ஓரங்களில் 11211, பக்க ஸ்டட் வெளியே பார்த்து. அதற்குமேல் வளைவுச் சரிவுகள், நடுவில் நீளமாக 1×8 டைல் (4162, மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டு). அந்த டைல் வரிசைதான் ஏரா.

மேல்பாதியும் அதேபோல: அடியில் இரண்டு படலம் பிளேட், அதன்மேல் 11211 உள்ள பிரிக் வரிசை. மேல்பாதி 11211-உம் கீழ்ப்பாதி 11211-உம் நேர்க்கோட்டில் வர வேண்டும். ஒரு ஸ்டட் தள்ளிப் போனாலும் பிளேட் உட்காராது. கீழ்ப்பாதியைக் கவிழ்க்கும்போது இடம் வலமாக மாறும், முன்பின் மாறாமல் நீளவாக்கில் உருட்டித்தான் கவிழ்க்க வேண்டும். அணியத்தில் ஒரு சிவப்பு பிளேட்டை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் அடியோடு அடி சேர்த்தால் இந்தக் கட்டத்தில் எதுவும் பிடிக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். 2×4 பிளேட்டை நெடுக்காக வைத்து, எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கட்டைவிரலால் உள்நோக்கி அழுத்துங்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பாதிகள் நகர்ந்து மறுபக்கத்தில் ஒரு மயிரிழை திறந்துகொள்ளும்.

ஒரு இணைப்புக்கு 11211 இரண்டு, 3020 ஒன்று. பன்னிரண்டுக்கு 6 இணைப்பு: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அணியத்திலிருந்து 8, 18, 28-ஆவது ஸ்டட்டில் வைக்கலாம். 87087 இருபத்துநாலும் மிச்சம். வேண்டுமானால் இடையிடையே 1×4 பிளேட்டோடு (3710) ஒற்றை இணைப்பாகப் போடுங்கள். ஒற்றை இணைப்பை மட்டும் நம்ப வேண்டாம், 1×4 பிளேட் கதவுக் கீல்போல லேசாகத் திரும்பும். இரட்டை ஸ்டட் திரும்பாது.

நாலு பிளேட்டை 2+2 என்றுதான் பிரிக்க வேண்டும் என்பதில்லை. 1+3, 4+0 எதுவானாலும் மொத்தம் 4 இருந்தால் சரி. வல்லத்தில் நிறம் மாறும் கோடு எங்கே வர வேண்டுமோ அங்கே நடுக்கோட்டை வைத்துக்கொள்ளலாம். பிளவு இல்லாவிட்டாலும் அடியும் அடியும் சேரும் இடம் கூர்ந்து பார்த்தால் தெரியும். நிறம் மாறும் இடத்தில் வைத்தால் யாரும் தேட மாட்டார்கள்.

இந்த இணைப்புக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்றால், எடை கீழே இழுக்கும் திசையும் ஸ்டட் நீட்டியிருக்கும் திசையும் வேறு. ஸ்டட்டைக் குறுக்கே வெட்டுவதுபோல் எடை வருகிறது, உருவுவதுபோல் வருவதில்லை. குறுக்கே வரும் எடையை ஒரு ஸ்டட்டே நன்றாகத் தாங்கும். கழல வேண்டுமானால் யாராவது பக்க பிளேட்டை நகத்தால் வெளியே நெம்ப வேண்டும்.

---

கீழக்கரை பாய்:

அக்கா சொன்னது உடம்புக்குச் சரி. அணியத்துக்கு ஆகாது. 2 ஸ்டட் அகலத்தில் இரு பக்கமும் 11211 வைத்தால் நடுவில் ஒன்றுமில்லை, அதோடு வெளியே பிளேட் தடிமன் வேறு சேர்ந்து மூக்கு வீங்கிவிடும். அங்கே ஹெட்லைட் பிரிக் போடுங்கள். இரண்டே பிரிக்கில் ஸ்டட் 180 பாகை திரும்பும், அரைப் பிளேட்கூட மிச்சம் வராது.

ஹெட்லைட் (4070) சும்மா பக்க ஸ்டட் பிரிக் இல்லை. அதன் முன்முகம் அரைப் பிளேட் உள்வாங்கியிருக்கும், கீழே மட்டும் அரைப் பிளேட் உயரத்துக்கு ஒரு உதடு. முதுகில் ஸ்டட் போகிற சதுர ஓட்டை. இந்த உள்வாங்கலும் உதடும்தான் காரியம் செய்கின்றன.

முதல் ஹெட்லைட்டை நிமிர்த்தி வையுங்கள், முகம் வலப்பக்கம் பார்க்கட்டும். இரண்டாவதை எடுத்து, அதன் அடியை முதலாவதின் முக ஸ்டட்டில் குத்துங்கள். குத்தும்போது இரண்டாவதின் முகம் தரையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டாவதின் முக ஸ்டட் இப்போது கீழ்நோக்கி நிற்கும். இரண்டு தடவை 90, மொத்தம் 180.

அளவு எப்படி விழுகிறது என்று பாருங்கள். எல்டிரா அளவில் முதலாவதின் உள்வாங்கல் 4, அதற்குள் இரண்டாவதின் அடி போய் உட்காரும். இரண்டாவதின் உயரம் 24, அதில் 4 உள்ளே போனதால் வெளியே 20, சரியாக ஒரு ஸ்டட் அகலம். உயரவாக்கில் இரண்டாவது, முதலாவதின் உதட்டுக்குமேல் 4-இல் தொடங்கி 24-இல் முடியும். அதன் முகம் 4 உள்வாங்கியதால் ஸ்டட் முளைக்கும் மட்டம் 8. அங்கே ஒரு பிளேட் மாட்டினால் 8-இலிருந்து 0 வரை, முதலாவதின் அடியோடு மட்டமாக நிற்கும். கட்டம் தப்பவே தப்பாது. இதையே இரண்டு 87087 வைத்துச் செய்தால் மேலும் கீழும் பக்கத்திலும் அரைப் பிளேட் நகரும், செய்யாதீர்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, கீழ்ப்பாதியில் அந்த ஒரு ஸ்டட் இடத்தில் மட்டும் ஒரு 1×1 பிளேட் (3024) நடுக்கோட்டைத் தாண்டி எழும்பி நிற்க வேண்டும், அதுதான் அந்தக் கீழ்நோக்கிய ஸ்டட்டில் மாட்டும். மேசையில் கட்டும்போது அது எல்லாவற்றுக்கும் முந்திய படலம். மறந்துவிட்டுப் பின்னால் சொருகப் பார்த்தால் பாதி கீழ்ப்பாதியைப் பிரிக்க வேண்டிவரும்.

இரண்டு, இரண்டாவது ஹெட்லைட்டின் தலை ஸ்டட் வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது வசதிதான், அதில் ஒரு 1×1 டைலை (3070) மாட்டினால் அணியத்தின் தோல் ஆயிற்று. உள்ளே வருகிற இடமானால் அடுத்த ஹெட்லைட்டின் முதுகு ஓட்டைக்குள் அந்த ஸ்டட்டை விட்டுவிடலாம், மட்டம் சரியாக இருக்கும்.

மூன்று, ஒற்றை ஜோடி சுழலும். ஒரே ஸ்டட்டில்தானே தொங்குகிறது. முன்பின்னாக இரண்டு ஜோடி வைத்து, கீழ்நோக்கிய இரண்டு ஸ்டட்டையும் ஒரு 1×2 பிளேட்டால் கட்டிவிடுங்கள், 1×1-க்குப் பதிலாக. அணியத்துக்கு 4 ஹெட்லைட், பின்பக்கத்துக்கு 4. இருபதில் பன்னிரண்டு மிச்சம்.

வேறு கம்பெனி ஹெட்லைட் இருந்தால் இந்த இடத்தில் போடவேண்டாம். முதுகு ஓட்டையின் சுவர் மெல்லியது, அழுத்தினால் மூலையில் வெள்ளைக் கோடு விழுந்து பிறகு விரியும்.

---

சோழகம்:

பிராக்கெட் எட்டு வைத்திருக்கிறீர்களே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தொண்டிக்கரை அக்கா முறையில் அகலம் இடிக்கும். வெளியே 2×4 பிளேட் ஒன்று, அதை மூட டைல் ஒன்று, எல்டிரா அளவில் ஒரு பக்கம் 16. ஒரு ஸ்டட் 20. ஆக உள்ளுடம்பு 6 ஸ்டட் வைத்தால் மொத்தம் 152, அதாவது 60.8 மிமீ. உங்களுக்கு வேண்டியது 64. மேலே 8 ஸ்டட் அகலத்தில் விளிம்புப் பலகை போட்டால் பக்கத்துக்கு 1.6 மிமீ வெளியே நீட்டும். வல்லத்தில் அது பார்க்க நன்றாகவே இருக்கும், விட்டுவிடலாம் என்றால் விட்டுவிடுங்கள்.

விடக்கூடாது என்றால் 44728. அதன் தொங்கும் முகத்தின் தடிமன் அரைப் பிளேட். முகம் 4, பிளேட் 8, டைல் 8, கூட்டினால் 20. ஒரு ஸ்டட், இம்மியும் பிசகாது. முகத்தின் உயரம் 5 பிளேட். மேல்பாதியின் 5 பிளேட் உயரத்தில் மேல் படலமாக பிராக்கெட்டை வையுங்கள், கீழே 4 பிளேட். முகம் நடுக்கோட்டில் வந்து நிற்கும். கீழ்ப்பாதியிலும் அதையே செய்தால் 2×4 பிளேட்டின் எட்டு ஓட்டையும் நிரம்பும். எட்டு பிராக்கெட்டுக்கு 4 இணைப்பு, பக்கத்துக்கு இரண்டு.

ஒரே பக்கத்தில் பிராக்கெட் இணைப்பையும் 11211 இணைப்பையும் கலக்காதீர்கள். தோல் ஒரு இடத்தில் 1.6 மிமீ படியேறும், டைல் வரிசை அந்த இடத்தில் உட்காராது.

டெக்னிக் பிரிக்கைப் பற்றி ஒரு வரி: 3700-இன் துளையும் அதே 10, 14 கணக்குத்தான். 5 துளை நீளமுள்ள லிஃப்டார்மின் (துளை வரிசை உள்ள டெக்னிக் சட்டம்) முதல் துளையிலும் நாலாவது துளையிலும் பின் (2780) போட்டால் அதே 4 பிளேட் இடைவெளி கிடைக்கும். பின் உருவிக்கொண்டு வராது, கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரியானால் நடுவில் மறைவாக இரண்டு இடத்தில் போட்டுவையுங்கள். 2 துளை தூரத்துக்குக் கட்டப் பார்த்தால் ஒன்றரைப் பிளேட் இடைவெளி வந்து நிற்கும், அதை நிரப்ப வழி தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

கீல், கிளிப் வைத்தும் 180 திருப்பலாம்தான். எடை தாங்கும் இடத்தில் வேண்டாம். கொடிக்கம்பம், விளக்கு இவற்றுக்குச் சரி.

வேறு கம்பெனி பிளேட் கலந்திருக்கிறது என்றீர்கள். சோதித்துப் பிரியுங்கள். ஒரே கம்பெனி பிளேட் 20 அடுக்கினால், மேல் ஸ்டட்டை விட்டுவிட்டு 64 மிமீ வர வேண்டும். லெகோ 2×8 பிளேட் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். 2×8-இன் உண்மை நீளம் 63.8தான், பக்கத்துப் பிரிக்கோடு உரசாமல் இருக்க 0.2 குறைத்திருப்பார்கள், அந்த அளவு வித்தியாசம் இயல்பு. அரை மிமீ தாண்டினால் அந்த பிளேட்டுகளை நடு 4 பிளேட்டில் போடாதீர்கள். தரையிலும் உள்நிரப்பிலும் போடலாம்.

---

மண்டபம்கரை:

அக்கா முறையில் 11211 ஆறு இணைப்பு, அணியத்தில் பாய் சொன்ன ஹெட்லைட் இரண்டு ஜோடி. கோடு போயிற்று. மேல்பாதியைப் பிடித்துத் தூக்கினாலும் நிற்கிறது. நன்றி.

ஒரே ஒரு இடம் மட்டும்: வலப்பக்கம் 18-ஆவது ஸ்டட்டில் 2×4 பிளேட் உட்கார்ந்த பிறகும் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. மேல் இரண்டு, கீழ் இரண்டு ஸ்டட் பிடித்திருக்கிறது. அதன்மேல் போட்ட டைல் அரைமணி நேரத்தில் தானாக எழும்பிவிடுகிறது. மற்ற ஐந்தும் ஒழுங்கு.

---

தொண்டிக்கரை:

அந்த இடத்தில் நடு நாலு பிளேட்டில் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அடியும் அடியும் முழுதாகச் சேரவில்லை. 2×4-ஐக் கழற்றி, ஒரு ஸ்கேலின் விளிம்பை நெடுக்காக வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அங்கேதான்.

அடி சேரவில்லை என்றால் பெரும்பாலும் மணல். இரண்டு அடிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற இடம் ஆகையால், பிளேட்டின் குழாய் விளிம்பில் ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் அது முழு இடைவெளியாகத் தெரியும். ஸ்டட் உள்ள பக்கமானால் அழுத்தத்தில் நசுங்கி மறைந்துவிடும், இங்கே அழுத்தம் இல்லை. நம் கரையில் ஜன்னல் திறந்திருந்தாலே மேசைமேல் மணல் படியும். அந்தப் படலத்தை மட்டும் கழற்றி, 40 பாகைக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பிளேட் வளையும், வெள்ளை நிறமானால் நாளடைவில் மஞ்சளடிக்கும். மென்மையான பல் துலக்கி போதும். துணியால் துடைத்தால் மணல் டைலில் கீறும்.

---

சோழகம்:

அந்த 2×4 வேறு கம்பெனியுடையதா என்றும் பாருங்கள். கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை ஆடும். ஆடினால் அதைத் தூக்கிப்போட்டு வேறொன்று எடுங்கள், அலசி ஒன்றும் ஆகாது.

---

பாம்பன் தூக்குப்பாலம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்க வேண்டாம் என்று பார்த்தேன். 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு நடுப்பகுதியை 1:200 அளவில் கட்டுகிறேன். தூக்கினால் அடிப்பக்கம் தெரிகிறது, ஸ்டட் ஓட்டைகள் அசிங்கமாக இருக்கின்றன. இதே முறை பொருந்துமா?

---

கச்சான்காற்று:

பொருந்தாது, தேவையும் இல்லை. தூக்குப் பகுதியின் நீளம் 72.5 மீட்டர், 1:200-இல் 362.5 மிமீ, கிட்டத்தட்ட 45 ஸ்டட். தடம் அகலம் 3 அல்லது 4 ஸ்டட்தான் வரும். 10 பிளேட் உயரம் அங்கே 6.4 மீட்டருக்குச் சமம், தளத்துக்கு அவ்வளவு தடிமன் கிடையாது.

தளத்தை முழுவதுமே கவிழ்த்துக் கட்டுங்கள். ஸ்டட் எல்லாம் கீழே, அதில் கிரில் டைல் (2412) குறுக்காக அடுக்கினால் இரும்புத் தூலம் மாதிரியே இருக்கும். தண்டவாளம் மேல்பக்கம் வர வேண்டுமே என்றால் அங்கே மட்டும் திருப்பினால் போதும்: தளத்தின் இரு முனையிலும் ஹெட்லைட் ஜோடி இரண்டிரண்டு, மொத்தம் 8 ஹெட்லைட். தண்டவாளப் படலம் அந்த ஜோடிகளில் மாட்டி நடுவே சும்மா கிடக்கும். 45 ஸ்டட் நீளத்துக்கு நடுவில் தொய்யும், எனவே தண்டவாளப் படலத்தை ஒரே அடுக்காகப் போடாமல் மூட்டு மாறி மாறி வருகிறபடி இரண்டு அடுக்கு பிளேட்டாகப் போடுங்கள்.

பழைய 1914 பாலத்தின் ஷெர்சர் இறக்கைகள் என்றால் கதை வேறு. அவை முனையில் உருண்டு சாய்ந்து திறப்பவை, திறந்த நிலையில் அடிப்பக்கம் நேரே முகத்துக்கு வரும். அங்கே 10 பிளேட் முறையைப் பக்கச் சட்டங்களுக்குள் மறைக்கலாம்.

---

கீழக்கரை பாய்:

அண்ணே, தூக்குப் பகுதியில் எடைக்கணக்கு பார்க்கச் சொல்லுங்கள். 17 மீட்டர் ஏறும் என்றால் இந்த அளவில் 85 மிமீ, ஏறக்குறைய 9 பிரிக் உயரம். கிரில் டைல் நிறையப் போட்டால் தளம் கனத்துவிடும், நூல் வைத்துத் தூக்கினால் ஒரு பக்கம் சாயும். இரு முனையிலும் ஹெட்லைட் ஜோடி சமமாக இருக்கட்டும்.

---

மண்டபம்கரை:

சோழகம் அண்ணன் சொன்னதுதான். அந்த 2×4 கண்ணாடியில் ஆடியது. மாற்றியதும் டைல் உட்கார்ந்துவிட்டது. மணலும் இருந்தது, 4162 டைலுக்கு அடியில்.